போர்வெல் தண்ணீர்: பேனா மீட்டரா, சோதனைப் பெட்டியா, ஆய்வகமா?

பல்லடம், பொங்கலூர், காங்கேயம் வட்டாரங்களில் ஆயிரம் அடி துளைத்து எடுக்கும் நீரைச் 'சப்பைத் தண்ணி' என்றும், குழாயில் வரும் ஆற்று நீரை 'நல்ல தண்ணி' என்றும் நாக்கை வைத்தே பிரித்துவிடுகிறோம். அந்த நீரை நம்பி உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்குவதா, சின்ன வெங்காயம் நடுவதா, கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பதா என்று முடிவெடுக்க நாக்கு போதாது.

வீட்டுக்கு வரும் விற்பனையாளர் காட்டும் 'சோதனை'யை முதலில் ஒதுக்கிவிடலாம். இரண்டு தம்ளர்களில் மின்கம்பிகளை நுழைத்ததும் போர்வெல் நீர் சேறுபோல் பழுப்பாகும், ஆர்.ஓ. நீர் தெளிவாகவே நிற்கும். உப்புள்ள நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்புக் கம்பியே கரைந்து துருவாக மிதக்கிறது; நம் கிணற்றிலிருந்து அந்த அழுக்கு வரவில்லை. உப்பு நீங்கிய நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடியும் செய்யச் சொன்னால் அதுவும் பழுப்பாகும். இதைக் கேட்டதும் அவர் பையை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நீரில் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவை (டி.டி.எஸ்.) காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா மீட்டர் நேர்மையான கருவிதான். ஆனாலும் அது உப்பை எடை போடுவதில்லை. மின்கடத்துதிறனை அளந்து, 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. எனவே மின்கடத்துதிறன் 2000 மைக்ரோ சீமென்ஸ் உள்ள ஒரே நீரை ஒரு பேனா 1000 என்றும் இன்னொன்று 1400 என்றும் காட்டக்கூடும். இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்புடைய அளவாகவும், வேறு நீர் இல்லாத இடத்தில் 2000-ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. ஆற்று நீர் வரும் வீட்டில் பேனாவை ஒருமுறை முக்கினாலே அந்தச் செலவு மிச்சமாகலாம்.

பேனாவுக்குத் தெரியாதவைதான் உடம்புக்கு ஆபத்தானவை. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை படியும், மிகுந்தால் எலும்பையும் பாதிக்கும். கொதிக்க வைத்தால் அது குறையாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்தியாகும். மாட்டுத்தொழுவம், கழிவுநீர்த் தொட்டி, யூரியா ஆகியவற்றிலிருந்து இறங்கும் நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டினால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறன் குறையும். இரண்டுக்கும் நிறமில்லை, சுவையில்லை. ஊராட்சிகளில் உள்ள கள நீர்ப் பரிசோதனைப் பெட்டி, நீரில் சொட்டுச் சொட்டாக விடும் வேதிக் கரைசலின் நிறமாற்றத்தைக் கொண்டு இவற்றைத் தோராயமாகக் காட்டிவிடும். அதன் சந்தேக முடிவை உறுதிசெய்யத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

தோட்டத்துக்கு வேறு கணக்கு. தென்னை உப்பைத் தாங்கும். வெங்காயமும் அவரையும் தாங்கா. பேனாவில் எண் சுமாராக இருந்தும் மண் இறுகிப் போகிறதென்றால், பெரும்பாலும் எஞ்சிய சோடியம் கார்பனேட்டே (நீரில் கால்சியம், மெக்னீசியத்தை விட மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) காரணம். அது லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்டுக்கு மேலானால் அந்த நீர் பாசனத்துக்கு ஆகாது, 1.25-க்கும் 2.5-க்கும் இடையில் என்றால் ஜிப்சம் இட்டுச் சமாளிக்கலாம். இந்த எண்ணை எந்தப் பேனாவும் தராது. பாசன நீரையும் சோதிக்கும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையமே தரும். சொட்டுநீர்க் குழாய்க்குச் செலவிடுவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது.

ஆகவே, மாதாமாதம் ஏற்ற இறக்கம் பார்க்கப் பேனா. குடிப்பதற்கும் பயிர் தேர்வுக்கும் ஆய்வகம். இரண்டுக்கும் இடையே, எந்தக் கிணற்றை முதலில் அனுப்புவது என்று தெரிந்துகொள்ளப் பெட்டி என்பதே என் வரிசை. ஆய்வகத்துக்கு அனுப்பும்போது மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கேனை அதே நீரில் மூன்று முறை அலசிய பிறகு நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்கு மட்டும் அவர்களே தரும் கிருமிநீக்கிய பாட்டிலை அலசாமல் நிரப்பி, குளிர்ச்சியாக அன்றைக்கே சேர்க்க வேண்டும்.