மாங்கா கலரிங்: ஆல்கஹால் மார்க்கரா, வாட்டர் கலரா?

பாளையங்கோட்டை, டவுன் பக்கம் மாங்கா, அதான் ஜப்பான் காமிக்ஸ் படம், வரையுத பிள்ளைங்க லைன் எல்லாம் அருமையா போட்டுட்டு, கலருக்கு எத வாங்கன்னு தெரியாம நிக்காவ, அதான் ரெண்டையும் சேத்து வச்சு சொல்லுதேன்.

செலவு
மார்க்கர்: ஒரு கலருக்கே லைட்டு, மீடியம், டார்க்குன்னு மூணு பேனா வேணும், தோலு தலைமுடி ரெண்டுக்குமே ஆறு ஆயிரும். 1987ல வந்த ஜப்பான் காப்பிக் (Copic) மார்க்கர்ல மை நெரப்பலாம், முனையும் மாத்தலாம், ஆனா வெல ரொம்ப கூட.
வாட்டர் கலர்: சின்ன ட்யூப் செட்டு போதும். காசெல்லாம் பேப்பருக்குத்தான், 300 ஜிஎஸ்எம் (தாளோட கனம்) எடுங்க, சாதா பேப்பர்னா அப்பளமா நெளிஞ்சிரும்.

பழகுதது
மார்க்கர்: தலைமுடில வெளிச்சம் விழுத எடத்த வெள்ளையா விட்டுட்டு லைட்டு கலர் அடிங்க, அது காயுததுக்குள்ள டார்க்க வச்சு, சேருத எடத்துல மறுபடி லைட்டாலயே தேய்ங்க, கோடு தெரியாம கலந்துரும். பின்பக்கம் ஊறும், அடில ஒரு தாள் வைங்க.
வாட்டர் கலர்: மொத வாஷ், அதான் தண்ணியா அடிக்குத பூச்சு, நல்லா காஞ்ச பெறவுதான் நெழல் போடணும். நம்மூரு சித்திர வெயில்ல சட்டுனு காஞ்சிரும், தென்காசி பக்கம் சாரல் நேரத்துல பொறுமை வேணும்.

கலர் மங்காம நிக்குததுல வாட்டர் கலர்தான் மேல, மார்க்கர் மை வெளிச்சத்துல மங்கும். அவுட்லைன் ரெண்டுக்குமே வாட்டர்ப்ரூஃப் பிக்மென்ட் பேனாதான், ஜெல் பேனா வேண்டாம்.

பளிச்சுனு அனிமே லுக் வேணும், கையில காசும் இருக்குன்னா மார்க்கர். இப்பதான் ஆரம்பிக்கிய, இல்ல மேகம், ஆத்தங்கரைன்னு பேக்ரவுண்டு நெறைய வரைவியன்னா யோசிக்காம வாட்டர் கலர் வாங்குங்க.