நாட்-2, எச்.எல்.ஏ: குடல் அழற்சியில் எது எதைச் சொல்கிறது?

குடல் அழற்சி நோய் என்று பொதுவாகச் சொன்னாலும் க்ரோன் நோய் (குடலின் எந்தப் பகுதியிலும் வரலாம்) வேறு, அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலில் வரும் அழற்சி) வேறு. மரபணுவிலும் அது தெரிகிறது.

நாட்-2 மரபணு இருப்பது 16ஆம் குரோமோசோமில். க்ரோன் நோயுடன் அதற்குள்ள தொடர்பு 2001இல் வெளிவந்தது. பாக்டீரியாவின் செல்சுவரிலுள்ள முராமைல் டைபெப்டைடு என்ற துணுக்கை உணர்ந்து எச்சரிப்பது இதன் வேலை. சிறுகுடலின் கடைசிப் பகுதியிலுள்ள பேனெத் செல்களில் (கிருமிகளைக் கொல்லும் பொருட்களைச் சுரப்பவை) இது மும்முரமாக இயங்கும். அதனால்தானோ என்னவோ, மாறுபட்ட நாட்-2 உள்ள நோயாளிகளுக்கு அந்த இடமே அதிகம் பாதிக்கப்படுகிறது. குடல் சுருங்கி அடைப்பு வருவதும் கூடுதல். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறுபாடு வந்தால் அபாயம் பல மடங்கு. அப்படியும் அவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை.

எச்.எல்.ஏ மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளவை. புரதத் துண்டுகளை நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களுக்குக் காட்டுபவை. இவற்றின் பிடி கோலைட்டிஸில்தான் பலம். ஐரோப்பியர்களில் டிஆர்பி1*01:03 என்ற எச்.எல்.ஏ வகை உள்ளவர்களுக்குப் பெருங்குடல் முழுக்க அழற்சி பரவி, அறுவை சிகிச்சை வரை போகும் வாய்ப்பு அதிகம். ஜப்பானியர்களிடம் பேசப்படுவது டிஆர்பி1*15:02.

சரி, நமக்கு எது உதவும்? நாட்-2இன் பிரபலமான மூன்று மாறுபாடுகளும் ஐரோப்பியர்களிடம் கண்டறியப்பட்டவை, இந்தியர்களிடம் மிக அரிது. அதனால் மரபணு டெஸ்டில் 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ரத்தம் கலந்த பேதி வாரக்கணக்கில் நீடித்தால், மலத்தில் கால்ப்ரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) அளவு பார்ப்பதும் கொலோனோஸ்கோபியும்தான் வழி.