சோக் இழுக்கும் வண்டியா, தானே ரேஸ் ஏறும் வண்டியா: ஒரு குளிர்காலக் காலை அலசல்

கோத்தகிரியில் மார்கழிக் காலை ஆறரை மணிக்கு வண்டி சீட்டில் கை வைத்தால் உள்ளங்கை விறைத்துவிடும். எங்கள் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று அப்பா 2008-இல் வாங்கிய கார்புரேட்டர் பைக்; பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது அந்தக் கார்புரேட்டர். இன்னொன்று நான் 2021-இல் வாங்கிய எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) ஸ்கூட்டர்; அதில் பெட்ரோலை அளந்து தெளிப்பது கம்ப்யூட்டர். பைக்கில் சோக்கை இழுத்து, நாலு உதை உதைத்து, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். ஸ்கூட்டரில் பட்டனை அழுத்தினால் போதும். தானே ‘ஙூம்’ என்று ரேஸ் ஏறி, ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே அடங்கிவிடும்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். புது கார் வாங்கிய வாரமே மதில் ஓரம் வந்து நின்றார். “தம்பி, ஸ்டார்ட் பண்ணதும், இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு காட்டுற முள் 1,500-ல போய் நிக்குது. அப்புறம்தான் 800-க்கு இறங்குது. எதாவது கோளாறா?” கோளாறு இல்லை சார், அதுதான் அதன் வேலை என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது அதற்கு இரண்டு தொல்லைகள். முதலாவது பெட்ரோல். ஈரத்துணி வெயிலில் காய்வது போலக் குளிரில் காயாது இல்லையா, அதே கதைதான். பெட்ரோல் சரியாக ஆவியாகாமல், உள்ளே போகும் வழியில் சுவரில் துளித்துளியாக ஒட்டிக்கொள்கிறது. திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது, ஆவிதான் எரியும். சூடான இன்ஜினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று போதும். குளிரில் அதே அளவு பெட்ரோலை ஊற்றினால் பாதி சுவரோடு போய்விடும். அதனால் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. இரண்டாவது ஆயில். எங்கள் ஊரில் இந்த மாதங்களில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகிவிடும், அடுப்போரம் வைத்துத்தான் ஊற்ற முடியும். 20டபிள்யூ-50 ரக இன்ஜின் ஆயில் அந்த அளவுக்கு உறையாது என்றாலும் நன்றாகவே தடித்துப் போகும். பிஸ்டன் அதைத் தள்ளிக்கொண்டுதான் நகர வேண்டும். வழக்கமான ஸ்லோ ஸ்பீடில், அதாவது முறுக்காமல் நிற்கும்போது ஓடும் வேகத்தில், விட்டால் அந்த இழுவையைத் தாங்காமல் இன்ஜின் ஆஃப் ஆகிவிடும். கூடுதல் பெட்ரோல், கூடுதல் காற்று, கொஞ்சம் கூடுதல் வேகம்: குளிரில் ரேஸ் ஏறுவதன் அடிப்படை இவ்வளவுதான். இதை யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் இரண்டு வண்டிகளும் பிரிகின்றன.

அப்பாவின் பைக்கில் அந்தப் பொறுப்பு அப்பாவுடையது. சோக்கை இழுத்தால் கார்புரேட்டருக்குள் காற்று வரும் வழி அடைபடும். உள்ளே உறிஞ்சல் கூடி, பெட்ரோல் அதிகமாக வரும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ஓட்டியவர்களுக்கு டேஷ்போர்டில் இழுக்கிற சோக் குமிழ் நினைவிருக்கும். அதிலும் இதே ஏற்பாடுதான். எவ்வளவு இழுப்பது, எப்போது தள்ளிவிடுவது எல்லாம் காதை வைத்துத்தான். அப்பா பைக்கின் சத்தத்தைக் கேட்டே “இப்ப தள்ளு” என்பார். நான் ஒரு நாள் மறந்துபோய் சோக்கோடு டானிங்டன் வரை ஓட்டிவிட்டேன். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. சோக்கை விட்டுவிட்டே ஓட்டினால் பிளக் மட்டும் கெடாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஆயிலையும் நீர்க்கச் செய்துவிடும்.

எஃப்ஐ ஸ்கூட்டரில் இந்த முடிவை இசியு என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் எடுக்கிறது. இன்ஜினில் ஒரு வெப்ப சென்சார் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். காரில் வரும் சென்சார் ஒன்றை டம்ளர் தண்ணீரில் போட்டு மல்டிமீட்டரால் பார்த்திருக்கிறேன். அறை வெப்பத்தில் சுமார் 2,500 ஓம் காட்டியது, கொதிநீரை ஊற்ற ஊற்ற முன்னூறு பக்கம் இறங்கியது. இசியு அந்த எண்ணைப் பார்த்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், ஐட்லிங் வால்வு எவ்வளவு காற்றை விட வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. சூடு ஏறினால் இரண்டையும் படிப்படியாகக் குறைக்கிறது. புதிய கார்களில் தனி வால்வு கிடையாது, இன்ஜினுக்குக் காற்று போகும் வாயான த்ராட்டில் பாடியே மின்சாரத்தில் திறந்து மூடிக்கொள்ளும்.

இதற்கு மேல் கார்புரேட்டர் பைக்கில் இல்லாத ஒரு காரணம் எஃப்ஐ வண்டியில் இருக்கிறது. சைலன்சர் வழியில் உட்கார்ந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சுமார் 250, 300 டிகிரிக்கு மேல்தான் வேலை செய்யும். அதுவரை நச்சுப்புகை அப்படியே வெளியே போகும். அதைச் சீக்கிரம் சூடாக்க, இசியு வேண்டுமென்றே தீப்பொறியைத் தாமதமாக விடுகிறது. எரிப்பின் சூடு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாகப் புகையோடு சைலன்சர் பக்கம் போகிறது. தள்ளும் பலம் குறைவதை ஈடுகட்ட இன்னும் காற்றை விடுகிறது. பக்கத்து வீட்டு சார் கேட்ட 1,500-இல் ஒரு பங்கு இதற்காகத்தான். ஐரோப்பாவில் முன்பெல்லாம் புகைச் சோதனையில் இன்ஜினை 40 விநாடி ஓடவிட்டு, அதற்கப்புறம்தான் அளக்கத் தொடங்குவார்கள். 2000-இல் வந்த யூரோ 3 புகை விதி அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. முதல் விநாடியிலிருந்தே கணக்கு என்றானதும், முதல் நிமிடத்தில் என்ன செய்வது என்று கம்பெனிகள் மண்டையைப் பிய்த்துக்கொள்ள ஆரம்பித்தன. நம் ஊரில் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 புகை விதியும் அந்த வழியில் வந்ததுதான்.

டீசல் வண்டி இந்தப் போட்டியில் சேராது. அதற்குத் தீப்பொறியே கிடையாது. குளிரில், சிலிண்டருக்குள் சூடேற்றும் குளோ பிளக் சூடாகும் வரை ஒரு நொடி பொறுத்து ஸ்டார்ட் செய்தால் சரி.

இப்போது ஸ்டார்ட் செய்தபின் என்ன செய்வது? நிற்க வைத்தே ஐந்து நிமிடம் சூடாக்குவது ஒரு கட்சி, உடனே கியரைப் போட்டுக் கிளம்புவது இன்னொரு கட்சி. எஃப்ஐ வண்டி என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. அரை நிமிடம் நின்றால் போதும், ஆயில் மேலே ஏறியிருக்கும். அப்புறம் முதல் இரண்டு கிலோமீட்டர் முறுக்காமல் மெதுவாக ஓட்டினால், நின்றுகொண்டு சூடாவதை விட வேகமாகச் சூடாகும். கார்புரேட்டர் பைக்குக்கு அது பொருந்தாது. சோக் தேவைப்படாத நிலைக்கு வரும்வரை, அதாவது ஒன்றிரண்டு நிமிடமாவது, பொறுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடும். ஏற்றத்தில் பின்னால் பஸ் வரும்போது அது நடந்தால் தெரியும் சேதி.

கூடுதல் ரேஸ் இறங்காமலே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பைக்கில் என்றால் சோக் கேபிள் சிக்கியிருக்கும், ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபட்டிருக்கும், அல்லது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்துக் காற்று புகுந்திருக்கும். மூன்றையும் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். எஃப்ஐ-யில் அப்படி முடியாது. அதே சாரின் கார் ஒரு வருஷம் கழித்து அரைமணி நேரம் ஓடினாலும் 1,100-க்குக் கீழே இறங்க மறுத்தது. ஒரு ஒர்க்ஷாப்பில் த்ராட்டில் பாடியையே மாற்றச் சொன்னார்களாம். எனக்கு இடித்தது டெம்பரேச்சர் முள். அது பாதிக்குக் கூட ஏறவில்லை, ஹீட்டரிலும் வெதுவெதுப்பான காற்றுதான். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கி, ரேடியேட்டர் தண்ணீர் ஆரம்பத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. மலைக்குளிரில் இன்ஜின் முழுச்சூடு ஏறவே இல்லை. இசியுவும் ‘இன்னும் விடியவில்லை’ என்று ரேஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. த்ராட்டில் பாடியோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவில் வேலை முடிந்தது.

பழுது பார்ப்பதில் அதனால் கார்புரேட்டருக்குத்தான் என் ஓட்டு. ஆனால் தினப்படி ஓட்டுவதற்கு ஸ்கூட்டர்தான். 2025-இல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பரவலானபின் இந்த வித்தியாசம் கூடியிருக்கிறது. எத்தனாலுக்கு ஆவியாக பெட்ரோலை விட அதிகச் சூடு வேண்டும், அதிலேயே ஆக்சிஜனும் இருக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டின் ஓட்டை மாறாத அளவு, அதனால் கலவை மெலிந்துவிடுகிறது. ஸ்கூட்டரின் ஆக்சிஜன் சென்சார் சூடானதும் இதைப் புரிந்துகொண்டு சரிக்கட்டிவிடும்.

அப்பா இதற்குக் கண்டுபிடித்த வழி, ஸ்லோ ஸ்பீடைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவை ஒரு சுற்று ஏற்றி வைப்பது. கோத்தகிரியில் அது தேவாமிர்தம், காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிடும். போன மாதம் அதே பைக்கில் மேட்டுப்பாளையம் இறங்கினோம். மதியம், நல்ல வெயில், ஆயில் தண்ணீராக உருகியிருக்கும். ரயில்வே கேட்டில் காத்து நின்றபோது யாரும் முறுக்காமலேயே பைக் ‘ஓ’வென்று கத்தியது. முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா குனிந்து, சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கேட் திறப்பதற்குள் ஒரு சுற்றுக் குறைத்தார். “சாயந்திரம் மேலே போனதும் ஏத்திக்கலாம்” என்றார்.