ருமேனியா கிராமங்கள் பக்கம் ரோட் ட்ரிப்: வடக்கா, சாக்ஸன் ஊர்களா, கைடு வேணுமா வேண்டாமா?

ஒரு வாரம் தான் லீவு, அரண்மனைய விட கிராமம் தான் பாக்கணும்னு யாராச்சும் சொன்னா நான் முதல்ல சொல்றது இதுதான்: ருமேனியாவ மொத்தமா ஒரே மூச்சுல சுத்த நினைக்காதீங்க. மேப்ல எல்லாம் பக்கத்து பக்கத்துல இருக்க மாதிரி தெரியும், ஆனா நடுவுல கார்பாத்தியன் மலை வளைஞ்சு கெடக்கு, ரோடு ஒவ்வொரு ஊருக்குள்ளயும் புகுந்து புகுந்து போகும், ஊருக்குள்ள 50 தான் ஸ்பீடு, ஒரு ஊர் முடிஞ்சுதேன்னு ஆக்ஸிலேட்டர மிதிக்கிறதுக்குள்ள அடுத்த ஊர் போர்டு வந்துரும். 200 கிலோமீட்டர்னா நாலு மணி நேரம் போயிரும்.

அதனால ரெண்டுல ஒண்ணு எடுங்க. ஒண்ணு வடக்கு, அதாவது மராமுரேஷும் அதுக்கு கிழக்கால இருக்க புக்கோவினாவும். இன்னொண்ணு நடுவுல டிரான்சில்வேனியாவுல இருக்க சாக்ஸன் கிராமங்கள், அதாவது ஜெர்மன் பேசுற ஜனங்க குடியேறி கட்டின ஊர்கள். நான் வடக்க கைடு கூட போனேன், சாக்ஸன் ஊர்களுக்கு நாங்களே கார் எடுத்து ஓட்டிட்டு போனோம். இத மாத்தி பண்ணிருந்தா ரெண்டு ட்ரிப்புமே பாதியா போயிருக்கும்.

மராமுரேஷ்ல பாக்க வேண்டியது மரம். வீடு மரம், வாசல் கேட் மரம், அந்த கேட்டுல சூரியன், முறுக்கின கயிறுன்னு செதுக்கிருப்பாங்க, சர்ச்சும் மரம். அந்த காலத்துல இந்த பக்கத்த ஆட்சி பண்ணவங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்கள கல்லுல சர்ச் கட்ட விடல, அதனால மரத்துலயே வானத்த தொடுற மாதிரி கட்டிட்டாங்க, ஷுர்தெஷ்ட் ஊர் சர்ச்சோட கோபுரம் மட்டும் 54 மீட்டர். இப்படி 8 சர்ச் 1999ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேந்துச்சு. இங்க ஒரு விஷயம் கவனிங்க, பர்சானான்னு போர்டு பாத்து வண்டிய நிறுத்துற நிறைய பேர் பாக்கறது 1990கள்ல கட்டின புது மடத்த தான். அதுவும் அழகு தான், ஆனா யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கறது அதே ஊர்ல இருக்க 1720ஆம் வருஷத்து சின்ன சர்ச். பழைய சர்ச் பல ஊர்ல பூட்டித்தான் கெடக்கும், சாவி பக்கத்து வீட்டு பாட்டிகிட்ட இருக்கும், அந்த பாட்டிக்கு ருமேனிய மொழி மட்டும் தான் தெரியும். எங்க கைடு வேலிக்கு வெளிய நின்னு ஒரு குரல் குடுத்தாரு, பாட்டி ஏப்ரன்ல கைய தொடச்சுக்கிட்டே சாவியோட வந்தாங்க, கதவ தொறந்தாங்க, அப்புறம் அரை மணி நேரம் தன் கல்யாணம் அந்த சர்ச்ல நடந்த கதைய சொன்னாங்க. கைடு இல்லன்னா அந்த பூட்ட பாத்துட்டு திரும்பிருப்போம்.

சபன்ட்சா ஊர் கல்லறையும் அப்படித்தான். நீல கலர் மர சிலுவை 800க்கு மேல, ஒவ்வொண்ணுலயும் செத்தவரோட வாழ்க்கை படமா செதுக்கி, கீழ அவரே பேசுற மாதிரி கவிதை. ஸ்தான் இயோன் பத்ராஷ்னு ஒரு உள்ளூர் தச்சர் 1935ல ஆரம்பிச்சாரு, 1977ல அவரு போனதுக்கு அப்புறம் அவர் சிஷ்யர் தொடர்ந்தாரு. சிரிக்கும் கல்லறைன்னு பேரு, ஆனா படிச்சா சிரிப்பு மட்டும் வராது. குடிச்சே போனவர் அத ஒத்துக்கிட்டு பேசுறாரு, டாக்ஸி இடிச்சு போன சின்ன கொழந்தை அந்த டாக்ஸிய திட்டுது. மொழி தெரியாம போனா கலர் கலரா போட்டோ எடுத்துட்டு பத்து நிமிஷத்துல வந்துருவீங்க, வரி வரியா சொல்ல ஆள் இருந்தா ரெண்டு மணி நேரம் நிப்பீங்க.

அங்கிருந்து 1416 மீட்டர் உயர ப்ரிஸ்லோப் கணவாய் ஏறி எறங்குனா புக்கோவினா. இங்க சர்ச்சோட வெளிச்சுவரே ஓவியம். வொரொனெட்ஸ் மடத்து சர்ச் 1488ல நாலு மாசம் கூட ஆகாம கட்டினது, வெளிய இருக்க ஓவியம் 1547ல வந்துச்சு, மேற்கு சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பு, அந்த நீலத்துக்கே வொரொனெட்ஸ் நீலம்னு பேரு. மோல்டோவிட்சா மடத்து சுவர்ல கான்ஸ்டான்டிநோபிள், அதாவது இப்ப இஸ்தான்புல், அந்த ஊர் முற்றுகை. இத பத்தி கைடு சொன்னது இன்னும் மனசுல நிக்குது: கதைப்படி அது 626ல பாரசீகர்கள் வந்தப்ப மாதா காப்பாத்துனது, ஆனா ஓவியர் வரைஞ்சிருக்கறது துருக்கியர்கள, ஏன்னா அத வரைஞ்ச 1537ல இந்த ஊர் ஜனங்க வாசல்ல நின்ன எதிரி துருக்கியர் தான். சுவர்ல ஒரு பிரார்த்தனையே இருக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

சாக்ஸன் பக்கம் வேற மாதிரி. 12ஆம் நூற்றாண்டுல ஹங்கேரி ராஜா எல்லைய காக்க ஜெர்மன் பேசுற ஜனங்கள கொண்டு வந்து குடியேத்துனாரு, அப்புறம் மங்கோலியர், துருக்கியர்னு படையெடுப்பு வர வர ஊர் சர்ச்ச சுத்தி கோட்டை கட்டிக்கிட்டாங்க. ப்ரெஷ்மெர்ல மதில் உள்பக்கம் 270 சொச்சம் அறை, குடும்பத்துக்கு ஒண்ணு, கதவுல நம்பர் போட்டுருக்கு, நடந்து பாத்தாலே முற்றுகை காலத்துல எப்படி இருந்திருப்பாங்கன்னு தானா புரியும். பியெர்டான் ஊர் சர்ச்சுல ஒரே சாவிக்கு ஏகப்பட்ட தாழ்ப்பாள் நகர்ற பூட்டு, 1900ல பாரிஸ் கண்காட்சி வரைக்கும் போனது. விஸ்க்ரி ஊர்ல இப்ப பிரிட்டன் ராஜாவா இருக்க சார்லஸ் 2006ல வீடு வாங்குனாரு, சாயங்காலம் மாடுங்க தெருவுல வந்து அதது வீட்டு கேட்டுல நிக்கும். இங்க டிக்கெட், போர்டு, இங்கிலீஷ் எல்லாம் உண்டு, நீங்களே ஓட்டலாம், நின்னு நிதானமா பாக்கலாம்.

ஆனா கிராம வாழ்க்கைன்னு தேடி போனா இங்க ஒரு வெறுமை தெரியும், அத மறைக்க மாட்டேன். 1990 ஒரே வருஷத்துல ஒரு லட்சத்துக்கு மேல ஜெர்மன்காரங்க ருமேனியாவ விட்டு ஜெர்மனிக்கு போயிட்டாங்க. கட்டினவங்க போயிட்டாங்க, சுவர் நிக்குது, வீடுகள்ல இப்ப ருமேனியரும், ஜிப்சின்னு சொல்ற ரோமா மக்களும் இருக்காங்க. மராமுரேஷ்ல பாட்டன் செதுக்கின கேட்ட பேரன் தொறந்து விடுறான், அந்த வித்தியாசம் தான் எனக்கு வடக்க மேல நிறுத்துது.

வண்டி ஓட்டுறதுலயும் வித்தியாசம் உண்டு. வடக்கு கிராமத்துல எந்த வீட்டுக்கு போனாலும் ஹொரின்கான்னு ப்ளம் பழ சாராயம் சின்ன கிளாஸ்ல நீட்டுவாங்க, ஆல்கஹாலே சும்மா 50 சதவீதம் இருக்கும், ஆனா ருமேனியாவுல வண்டி ஓட்டுறவருக்கு ஆல்கஹால் அளவு பூஜ்யம், ஒரு துளி கூட ஆகாது. இருட்டுனதும் லைட் இல்லாத குதிரை வண்டி வேற எதிர்ல வரும். டிரைவர் கம் கைடு இருந்தா இந்த ரெண்டு கவலையும் இல்ல.

சாப்பாட்டுல ரெண்டு பக்கமும் ஒண்ணு தான், சைவக்காரங்க பயப்பட வேண்டாம். ‘தே போஸ்ட்’னு கேளுங்க, ஆர்த்தடாக்ஸ் விரத சாப்பாடு அது, கறி, பால், முட்டை எதுவும் இருக்காது. மமலிகா நம்ம களி மாதிரி மக்காச்சோளத்துல கிண்டறது.

கைடுன்னு சொன்னதும் 40 பேர் பஸ்ஸ நினைச்சுக்காதீங்க. அந்த பஸ்ல பிரான் கோட்டை, டிராகுலா கடைன்னு பாதி நாள் போயிரும், டிராகுலாங்கற பேருக்கு மூலமான விளாத் ராஜா அங்க குடியிருந்ததுக்கு ஆதாரமே கெடையாது. நாலஞ்சு பேருக்கு வேன், அந்த பக்கத்துலயே பொறந்து வளந்த ஆள், ராத்திரி ஹோட்டல் இல்லாம பென்சியூனே, அதாவது வீட்டோட சேந்த தங்கல். காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க, ஞாயித்துக்கிழமை காலைல நாம எங்க இருப்போம்னு. மராமுரேஷ்னு சொல்லணும். அன்னைக்கு பொண்ணுங்க பூப்போட்ட பாவாடையும் தலைத்துணியும் கட்டிக்கிட்டு சர்ச்சுக்கு நடந்து போவாங்க, உள்ள எடம் பத்தாம ஆளுங்க வாசல்லயே நின்னு பாடுவாங்க. பஸ்ல போற அட்டவணை பலதுல அந்த காலை ரோட்டுலயே போயிருது, அப்படின்னா தேதிய மாத்தி கேளுங்க.