பழைய கூரையோடு புதிய கூரை சேரும் பள்ளம்: ஓட்டு வேலைக் குழு ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

மார்த்தாண்டம், களியக்காவிளை சுற்றுவட்டாரத்தில் பழைய ஓட்டு வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்ட நினைப்பவர்கள், சுவர் எழுப்ப ஆள் தேடுவதற்கு முன்பே நல்ல ஓட்டு வேலைக்காரரை விசாரித்து வைப்பது நல்லது. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற இந்த ஊரில், இரு கூரைகளும் சேரும் பள்ளத்துக்கு ஓய்வே கிடையாது. எங்கள் சமையலறை நீட்டிப்புக்குப் பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்த குழு ஓடு வேய்ந்தது. இரு பருவமழைகளையும் அந்தக் கூரை பார்த்துவிட்டது; பள்ளத்தில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

பழைய ஓட்டோடு புதிய ஓடு கவ்வாது என்பதுதான் இந்த வேலையின் பெரிய சிக்கல். 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனரி அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, கோழிக்கோட்டை அடுத்த பரோக் உட்படப் பல ஊர்களில் ஆலைகள் வந்தன. எல்லாவற்றையும் மங்களூர் ஓடு என்றே சொல்கிறோமே தவிர, ஆலைக்கு ஆலை அச்சு சற்று வேறுபடும். அதற்கேற்ப, ஓடு மாட்டும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் இடைவெளி வரிசைக்கு 1 செ.மீ. மாறினாலே பத்தாவது வரிசையில் 10 செ.மீ. விலகிவிடும். குழுவின் மேஸ்திரி எங்கள் வீட்டின் பின்சரிவிலிருந்த பழைய ஓடுகளை இறக்கி, உடைசல் கழித்து, பள்ளத்தை ஒட்டிய சரிவுகளுக்குப் பயன்படுத்தினார். புதிய ஓடுகளைப் பின்சரிவு முழுவதும், ரீப்பரை மாற்றி அடித்து, வேய்ந்தார். ஒரு சரிவில் ஒரே அச்சு என்ற இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பள்ளத்தைச் சிமென்ட் வைத்து அடைப்பதே இங்கே பலருக்கும் பழக்கம். கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும்போது அந்தச் சிமென்ட் அசைய முடியாமல் வெடிக்கிறது. உறவினர் வீட்டில் முதல் மழைக்கே அப்படி ஆனது. இவர்களோ, பள்ளத்தின் அடியில் பலகை அடித்து, அதன்மேல் இரு ஓரமும் மேல்நோக்கி மடித்த அலுமினியத் தகட்டைக் கீழிருந்து மேலாக, மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் ஏறும்படி விரித்தார்கள். ஓடுகளைச் சாய்வாக அறுக்கும்போது, ரீப்பரில் மாட்டும் கொம்பு போய்விட்ட சிறு துண்டுகள் நிறைய மிஞ்சும். அவைதான் பின்னாளில் சரிந்து விழும். ஒவ்வொரு துண்டிலும் துளையிட்டுச் செம்புக் கம்பியால் ரீப்பர் ஆணியோடு கட்டினார்கள். நடுவில் நான்கு விரல் அகலத்துக்குத் தகட்டைத் திறந்தே விட்டதால், ரப்பர் இலை தங்காமல் நீரோடு போய்விடுகிறது.

குறைகளும் உண்டு. புதிய முகடு பழைய சரிவில் போய் முட்டும் இடத்தில் முகட்டு ஓட்டைச் சிமென்டிலேயே பதித்தார்கள். அங்கே மயிரிழை வெடிப்பு விழுந்தது. அழைத்ததும் வந்து, ஈயத்தகடு வைத்துச் சரிசெய்தார்கள் என்றாலும், முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம். அறுத்த ஓட்டின் செந்தூள் கிணற்றடி வரை பரவிக் கிடந்ததை நாங்கள்தான் அள்ளினோம். கூலியை வேய்ந்த பரப்புக்குச் சதுர அடியிலும், பள்ளத்துக்கு நீள அடியில் தனியாகவும் கணக்கிடுகிறார்கள்; இது பேச்சில் சொல்லப்படுவதில்லை என்பதால், முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.