காவிரிக் கரையா, வெண்ணாற்றுப் பக்கமா? டெல்டாவை சைக்கிளில் கடக்க எந்த வழி நல்லது

காடு, மலை, ஆறு என்று சைக்கிளில் சுற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மேற்கே மலைப்பக்கம் போய்விடுகிறார்கள். டெல்டாவில் வயலையும் கோயிலையும் விட்டால் என்ன இருக்கிறது என்ற நினைப்பு பலருக்கு. கல்லணையில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஆறு அங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் என்று பிரிகிறது. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் பயனுக்கு வந்த கல்லணைக் கால்வாயும் அங்கேதான் தொடங்குகிறது. ஊர்க்காரர்களுக்கு அது புது ஆறு. இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடல் வரை ஓட்டிவிடலாம். எதைப் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

என் கணக்கில் போட்டி இரண்டு வழிகளுக்குத்தான். ஒன்று, காவிரியை ஒட்டி திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். கல்லணையிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். இன்னொன்று, வெண்ணாற்றுப் பக்கமாகத் தஞ்சாவூர், நீடாமங்கலம், மன்னார்குடி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை. தஞ்சாவூரிலிருந்தே 140 கிலோமீட்டர் பக்கம் வரும்.

இரண்டிலும் ஏற்றம் கிடையாது. கல்லணை கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயரம் இருக்கும். அது அத்தனை தூரத்துக்கும் பரவி இறங்குவதால் காலுக்குத் தெரியவே தெரியாது. இங்கே காலைச் சோதிப்பது காற்றுதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, கிழக்கே போகிறவரை முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் கொண்டுபோகும். அதே காற்றில் மேற்கே திரும்பி ஓட்டினால் தஞ்சாவூர் வருவதற்குள் உயிர் போய்விடும். மார்கழி, தையில் காற்று வடகிழக்கிலிருந்து எதிரே வரும். கடலோரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. பல நாட்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிடும். ஆகவே கடைசி 30 கிலோமீட்டரைக் காலையிலேயே முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

காவிரிக் கரை வழியில் முதல் பாதி அருமை. கல்லணையிலிருந்து கோவிலடி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி வரை வாழைத்தோப்பும் தென்னையும் கூடவே வரும், நிழலுக்குக் குறைவில்லை. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி தனியே பிரிகிறது. திருவையாற்றில் கட்டாயம் ஒரு மணி நேரமாவது இறங்குங்கள்: படித்துறை, தியாகராஜர் சமாதி, அப்புறம் பாசிப்பருப்பில் செய்த அசோகா அல்வா. தை மாத ஆராதனை நாட்களில் மட்டும் அங்கே தங்க இடம் தேடாதீர்கள். மலை பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு இந்த வழியில் கிடைப்பது சுவாமிமலை ஒன்றுதான். அதுவும் கட்டுமலை, அதாவது மனிதர் எழுப்பிய மேடு, தமிழ் வருடங்கள் அறுபதுக்கும் ஒன்றாக 60 படிகள்.

கும்பகோணம் தாண்டியதும் இந்த வழியின் மதிப்பு கொஞ்சம் குறைகிறது. திருபுவனம், திருவிடைமருதூர், குத்தாலம் வழியாகப் போகும் பெரிய சாலையில் பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். சைக்கிளுக்கு அங்கே மரியாதை இல்லை. முடிந்தவரை ஊர்ச்சாலைகளில் ஒதுங்கிப் போங்கள். நேரம் கூடினாலும் பரவாயில்லை.

ஆனால் இந்த வழியின் கடைசிப் பகுதி வேறெங்கும் பார்க்க முடியாத ஒன்று. கல்லணைக்கு மேற்கே முக்கொம்பில் அக்கரை எட்டாத அகலத்தில் இருக்கும் காவிரி, குடமுருட்டி, அரசலாறு என்று கொடுத்துக்கொண்டே வந்து, மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் ஒடுங்கி, மேலையூர் கடையணையைத் தாண்டும்போது ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும். பூம்புகாரில் பெரிய ஆறு கடலில் விழுவதைப் பார்க்கலாம் என்று வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. வழியெல்லாம் பார்த்த வயல்களுக்குள் போன தண்ணீர் அது. சைக்கிளில் கரையோடு வந்தவருக்கு ஒவ்வொரு தலைப்பிலும், அதாவது ஆறு பிரியும் இடத்திலும், அது குறைந்ததே கண்ணில் பட்டிருக்கும். காரில் வருகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

வெண்ணாற்று வழி தொடக்கத்தில் சுமார்தான். தஞ்சாவூரிலிருந்து சாலியமங்கலம், அம்மாபேட்டை வழியாக நீடாமங்கலம் வரை நாகப்பட்டினம் போகும் சாலை. லாரியும் புழுதியும்தான், விடிகாலையில் கடந்துவிடுங்கள். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. பாமணியாறு மன்னார்குடியைத் தொட்டுக்கொண்டு தெற்கே போகிறது. இந்த பாமணியாறும் கோரையாறும்தான் கடைசியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. தலைப்பில் பார்த்த ஆற்றை முத்துப்பேட்டையில் உப்புத்தண்ணீரோடு கலந்த நிலையில் திரும்பப் பார்க்கலாம். இரண்டு வழிகளில் நான் வெண்ணாற்று வழிக்கு ஒரு படி கூடுதலாகக் கொடுப்பதற்கு இதுவே முதல் காரணம்.

அலையாத்திக் காட்டுக்குள் சைக்கிள் போகாது. சாம்பவானோடைப் பக்கம் நிறுத்திவிட்டுப் படகில்தான் போக வேண்டும், வனத்துறை அனுமதியோடு. காட்டில் பெரும்பகுதி வெண்கண்டல். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நிற்கும் மூச்சுவேர்களைப் பார்க்கவே ஒரு அரை நாள் ஒதுக்கலாம். கோடியக்கரை இதற்கு நேர்மாறான காடு: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு, பாலை மரங்கள், நடுநடுவே புல்வெளி, புல்வெளியில் வெளிமான். 1967-இல் சரணாலயமானது. கார்த்திகை முதல் தை வரை வலசைப் பறவைகள் இருக்கும், நேரம் அமைந்தால் பூநாரைக் கூட்டமும். பறவைப் பிரியர்கள் மன்னார்குடிக்கு முன்னால் வடுவூர் ஏரியையும், முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் உதயமார்த்தாண்டபுரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை.

கோடியக்கரைக்கு முன்னால் அகஸ்தியம்பள்ளி உப்பளம் வரும். 1930 ஏப்ரல் 13 அன்று உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியில் ராஜாஜியோடு புறப்பட்டவர்கள் நடந்தே வேதாரண்யத்துக்கு 28-ஆம் தேதி வந்துசேர்ந்தார்கள். ஏறக்குறைய 240 கிலோமீட்டர், அதுவும் சித்திரை வெயிலில். அதே டெல்டாச் சாலைகளில் பெடல் மிதித்து அங்கே போய் நிற்கும்போது அந்த நடையின் கனம் உடம்புக்கே புரிகிறது.

கஷ்டம் என்று பார்த்தால் வெண்ணாற்று வழியில்தான் அதிகம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தது இந்த வேதாரண்யம் பக்கம்தான். தென்னையும் சாலையோர மரமும் ஏராளமாகச் சாய்ந்தன. நிழலை நம்பி நண்பகலில் ஓட்டாதீர்கள். கடலோரத்தில் சீமைக்கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும். உபரி டியூப் இரண்டும் பஞ்சர் சாமான்களும் கையில் இருக்கட்டும். நல்ல தண்ணீருக்கும் அங்கே கொஞ்சம் திண்டாட்டம்தான். காவிரி வழியில் இந்தக் கவலை எதுவும் இல்லை. டீக்கடை, சைக்கிள் கடை, கும்பகோணத்தில் நல்ல அறை, நல்ல காபி, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பிள்ளைகளோடு போகிறவர்களும் முதல்முறை நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களும் யோசிக்காமல் காவிரியையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் கியர் சைக்கிள் தேவையில்லை. கேரியர் வைத்த சாதாரண சைக்கிள் போதும், டயர் மட்டும் கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்லது.

மலைதான் வேண்டும் என்பவர்கள் திருச்சியிலிருந்து வடக்கே துறையூர் போய்ப் பச்சைமலை ஏறலாம். அதற்குக் கியரும் நல்ல பிரேக்கும் கட்டாயம். அதை டெல்டாப் பயணத்தோடு ஒட்டவைக்காமல் தனியாக ஒரு முறை போங்கள். இரண்டுக்கும் சாமான் வேறு, வேகம் வேறு.

எப்போது போவது? மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். மாசியிலிருந்து வைகாசி வரை காவிரி வெறும் மணல். அந்த மாதங்களில் பூம்புகார் வழிக்கு அர்த்தமே இல்லை. தண்ணீர் கடைமடை வரை வந்துவிட்ட ஆடியில், மேல்காற்று முதுகில் இருக்க, காவிரி வழியை ஓட்டுங்கள். பதினெட்டாம் பெருக்கன்று மட்டும் வேண்டாம், படித்துறை எல்லாம் கூட்டம். கோடியக்கரைக்கு ஏற்றது தை. எதிர்காற்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், பறவைகள் அப்போதுதான் இருக்கும். சம்பா அறுவடையும் அப்போதுதான், சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதன் மேல் ஏற்றிவிடாதீர்கள், அது ஒருவருடைய ஒரு போகத்து உழைப்பு. வைக்கோல் கிடந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், ஃப்ரீவீலில் சுற்றினால் பிரித்தெடுக்க அரை மணி ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு வழியும் வேண்டாம். களிமண் மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது.

திரும்பி வருவதற்கு மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர், திருச்சிக்கு ரயில் நிறைய உண்டு. கோடியக்கரை பக்கம் அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் அகலப் பாதையில் ரயில் வந்துவிட்டது, ஆனால் வண்டிகள் குறைவு. சைக்கிளை ஏற்ற முடியுமா என்று முன்கூட்டியே நிலையத்தில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.