தோல் மருத்துவமனையில் டிரைக்கோஸ்கோபி: ஒரு மதிப்பீடு

முடி கொட்டத் தொடங்கியதும் எண்ணெயையும் ஷாம்புவையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன், தோல் மருத்துவரிடம் டிரைக்கோஸ்கோபி, அதாவது தலைத்தோலையும் முடியையும் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. என் தங்கைக்கு டைபாய்டு வந்து குணமான மூன்றாவது மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. வீட்டில் எல்லோரும் போர் தண்ணீர் மீதே பழி போட்டார்கள்.

நாங்கள் சென்ற மருத்துவமனையில், வருவதற்கு முந்தைய நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம், எண்ணெயும் வைக்க வேண்டாம் என்று முன்பதிவின்போதே சொல்லிவிட்டார்கள். மருத்துவர் ஐம்பது, அறுபது முடிகளை விரல்களால் சேர்த்துப் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை மெதுவாக இழுத்தார். பத்தில் ஒன்றுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு மிகை என்று பொருள். வந்த முடிகளைக் கருப்புத் தாளில் பரப்பியபோது ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருந்தது. வளர்ச்சி முடிந்து ஓய்வுக்குப் போன முடியின் அடையாளம் அது. கடும் காய்ச்சல் ஏராளமான முடிகளை ஒரே சமயத்தில் ஓய்வுக்குத் தள்ளிவிடுவதால், இரண்டு மூன்று மாதம் கழித்து அவை சேர்ந்தே உதிர்கின்றன.

அடுத்து டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை உச்சந்தலையிலும் பிடரியிலும் வைத்து, இரண்டு படங்களையும் திரையில் அருகருகே காட்டினார். உச்சியில் தடித்த முடிகளுக்கு நடுவே மெலிந்தவை 20 சதவீதத்துக்கு மேல் கலந்து, பிடரி மட்டும் அடர்த்தியாக இருந்தால் பரம்பரை வழுக்கையைச் சந்தேகிக்க வேண்டும். புழுவெட்டு என்றால் மஞ்சள் புள்ளிகளும், அடியில் குறுகி நுனியில் தடித்த குட்டை முடிகளும் தெரியும். தங்கைக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு ரத்தப் பரிசோதனைகளை மட்டும் எழுதிக் கொடுத்தார். கடைகளில் இலவசமாகக் கேமராவை வைத்துப் பார்ப்பவர்கள் உச்சந்தலையை மட்டும் பெரிதாக்கிக் காட்டிவிட்டு உடனே சீரத்தை நீட்டுகிறார்கள். பிடரியோடு ஒப்பிடாத படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

அச்சிட்டுக் கொடுத்த அறிக்கைதான் குறை. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை முடி என்ற எண் இருந்ததே தவிர, தலையில் எந்த இடம், எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்ற விவரம் இல்லை. அது இல்லாமல் ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட வழியில்லை. கேட்டதும் மருத்துவர் கையால் எழுதிக் கொடுத்தார். நீங்கள் சென்றாலும் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.